டவர்ல மைக்ரோவேவ் டிஷ் இருக்கும்போது ஃபைபர் எதுக்கு?

டவர்ல மேளம் கணக்கா டிஷ் மாட்டித்தான் சிக்னல் அனுப்புதாங்களே, பொறவு எதுக்கு ரோட்டைத் தோண்டி ஃபைபர் போடுதாங்கன்னு கேட்டிருக்கீங்க அண்ணாச்சி. அம்பாசமுத்திரம் பக்கம் ஐப்பசி மழை ஊத்தும்போது யோசிச்சுப் பாருங்க, டிஷ் அனுப்புற அலையோட அதிர்வெண் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல போனாலே மழைத்துளி சிக்னலைத் தின்ன ஆரம்பிச்சிரும், 80 கிகாஹெர்ட்ஸ்ல வேகம் நல்லா கெடைக்கும் ஆனா தூரம் சில கிலோமீட்டர்தான்.

ஃபைபர் கதையே வேற, அது மெல்லிசான கண்ணாடி இழை, அதுக்குள்ள சிக்னல் வெளிச்சமாத்தான் போகும். 1966ல சார்லஸ் காவ்னு ஒரு விஞ்ஞானி, கண்ணாடியில உள்ள அழுக்கை எடுத்துட்டா கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குள்ள (சிக்னல் எவ்வளவு கொறையுதுன்னு சொல்லுத அளவு) இழப்பைக் கொண்டாந்துரலாம்னு சொன்னாரு, அதாவது ஒரு கிலோமீட்டர் தாண்டி நூத்துல ஒரு பங்கு வெளிச்சம் மிஞ்சுனாலே போதும்னு, 1970ல அமெரிக்காவுல கண்ணாடி செய்யுத கார்னிங் கம்பெனிக்காரங்க அதைச் செஞ்சே காட்டிட்டாங்க. இன்னைக்கு 1550 நானோமீட்டர் அலைநீளத்துல இழப்பு கிலோமீட்டருக்குச் சுமாரா 0.2 டெசிபல்தான்! நம்ம திருநெல்வேலி ஜங்ஷன்ல இருந்து தென்காசி பக்கமா 50 கிலோமீட்டர் இழுத்தாலும், நடுவுல ஒரு மெஷினும் இல்லாம பத்துல ஒரு பங்கு வெளிச்சம் போய்ச் சேந்துரும். இதை நெனைச்சா எனக்கு இன்னமும் புல்லரிக்கும். அதுக்கும் மேல தூரம்னா எர்பியம்ங்கிற உலோகம் கலந்த ஃபைபர் ஆம்ப்ளிஃபையர் இருக்கு, 1987ல வந்தது, வெளிச்சத்தைக் கரண்டா மாத்தாம அப்படியே பெருக்கிரும்.

அதுக்காக மைக்ரோவேவ் வேண்டாம்னு இல்ல, மலைக்காட்டுக்குள்ள குழி தோண்ட முடியாத எடத்துக்கு அதுதான் கைகொடுக்கும்.