மாதம் 18 நாள் டூர்: தம்பி போகட்டும்

பல்லடத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் பி.இ. மெக்கானிக்கல் முடித்து, கோவையில் நூற்பாலை இயந்திரம் செய்யும் ஒரு கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறான். மாதம் 18 நாள் வெளியூர். "ஊர் ஊராக அலையவா இவனைப் படிக்க வைத்தாய்? லோன் போட்டாவது எம்.பி.ஏ. சேர்த்துவிடு" என்று பையனின் பெரியப்பா விடாமல் சொல்கிறாராம். அவர் காட்டும் கல்லூரியில் 2 வருடத்துக்கு 9 லட்சம்.

அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்த எம்.பி.ஏ. வேண்டாம். கல்விக் கடனில் தவணை கட்டுவது பிறகுதான் தொடங்கும். வட்டியோ அவன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே ஏறும். அதைக் கட்டப்போவது நீங்கள், பெரியப்பா இல்லை. பத்தாவது படிக்கும்போதே வீட்டு கிரைண்டரைப் பிரித்து பெல்ட் மாற்றினான் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எம்.பி.ஏ. படிக்கிறேன் என்று அவன் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஐ.டி., டி.என்.பி.எஸ்.சி. பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு, அதை விடுங்கள். இந்த சர்வீஸ் வேலையைப் பாருங்கள். ராஜஸ்தானின் பில்வாராவில் ஒரு மில்லில் ராத்திரி ஷிஃப்டில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷின் நின்றுபோகிறது. விடிவதற்குள் அதை ஓடவைத்த பையனை அந்த மேனேஜர் மறக்கவே மாட்டார். அகமதாபாத், லூதியானா என்று சில வருடம் சுற்றினால், எந்த மில்லில் எந்த மெஷின் பழசாகிவிட்டது என்பது அவனுக்கு அத்துப்படி. நாளைக்கு சேல்ஸுக்குப் போனாலும், சொந்தமாக ஸ்பேர்ஸ் வியாபாரம் தொடங்கினாலும் அதுதான் முதலீடு.

டூர் வேலையில் புதுப் பையன்களைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் பணக் கணக்குதான். அட்வான்ஸ் கைக்கு வராமல் தம்பி வண்டி ஏறவே கூடாது. சொந்தக் காசைப் போட்டுவிட்டு, வவுச்சர் பாஸாகும் வரை கைமாற்று வாங்கித் திண்டாடிய பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓட்டலில் தரும் வழுவழு ரசீது பர்ஸிலேயே வெளுத்து வெள்ளைத்தாள் ஆகிவிடும். வாங்கிய இடத்திலேயே போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ஊர் திரும்பிய மறுநாளே கணக்கு கொடுத்துவிட வேண்டும். அப்புறம், பேட்டாவை மிச்சம் பிடிக்கிறேன் என்று ராத்திரி பிஸ்கட்டோடு படுக்கக் கூடாது. அது சாப்பாட்டுக் காசு.

தட்கல் முன்பதிவு, ரயில் கிளம்புவதற்கு முந்தின நாள் திறக்கும்: ஏ.சி.க்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்க்காவிட்டால் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியாது. வேலையில் சேரும் முன்பே அதை முடிக்கட்டும். விமானத்தில் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் செக்-இன் பெட்டியில், பவர் பேங்க் கைப்பையில். மாற்றி வைத்தால் சோதனையில் மாட்டிக்கொள்வான். டிசம்பர், ஜனவரியில் வடக்கே மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். இறங்குகிற அன்றைக்கே விமானம் பிடிக்கிற மாதிரி டிக்கெட் போடக் கூடாது. துணி 3 செட் போதும், ராத்திரி அலசி ஃபேனுக்குக் கீழே போட்டால் காலையில் காய்ந்துவிடும். மில்லுக்குள் பஞ்சு பறக்கும், மாஸ்க் கட்டாயம். இந்தியில் எண்களையும் மெஷின் பாகங்களின் பெயர்களையும் இப்போதே பழகட்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். இன்றைக்கே சம்மதம் என்று மெயில் போடச் சொல்லுங்கள். டூர் அட்வான்ஸ் எத்தனை நாள் முன்னால் கிடைக்கும், வெளியூரில் உடம்புக்கு முடியாமல் போனால் மருத்துவச் செலவை யார் பார்ப்பார்கள் என்று அதே மெயிலில் கேட்கட்டும். பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.