பிரிட்டனில் பரம்பரையாக வரும் பிரபுப் பட்டத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? எந்தப் பைத்தியக்காரன் அப்படிச் சொல்வான்?

முடியும். ஆனால் 1963க்கு முன்னால் முடியாது. நீங்கள் சொல்லும் பைத்தியக்காரனின் பெயர் டோனி பென், லேபர் கட்சி அரசியல்வாதி.

நீங்கள் அநேகமாக பிரிட்டிஷ் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பீர்கள். வேறு யாருக்கும் இந்தச் சந்தேகம் வராது. எனக்கும் அப்படித்தான் வந்தது, 2014 மார்ச்சில், பிரிஸ்டலில் இருந்தபோது.

அந்தத் தேர்வு பெரிய கஷ்டமில்லை. 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக இருந்தால் பாஸ். நான் தேர்வு அறைக்குள்ளேயே போகவில்லை. ஆன்லைனில் பதியும்போது குடும்பப் பெயர் கட்டாயம் என்றது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டேன். பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலி. வரவேற்பில் இருந்த பெண் அந்தக் காலி இடத்தில் பேனா நுனியை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார், மறுபடி காலி இடத்தைப் பார்த்தார், "ஸாரி" என்றார். கட்டின 50 பவுண்டும் போச்சு. (விதிமுறையைப் படித்திருக்க வேண்டும் என்று கீழே எழுத வருபவர்களுக்கு: படித்தேன், மூன்று முறை. இனிஷியலோடு பிறந்தவன் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை.)

வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் நிற்கிறார். எழுபத்தெட்டு வயது. "என்ன மை லவர், பாஸா?" என்றார். பதறாதீர்கள், பிரிஸ்டலில் அது நம் ஊர் 'கண்ணு' மாதிரி. என் முகத்தைப் பார்த்து உள்ளே கூப்பிட்டு டீ போட்டார். டிவியில் டோனி பென் இறந்த செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பாட்டி டீ பையைக் கோப்பையிலிருந்து எடுக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இவருக்கு ஓட்டுப் போட்டவள். 61ல். செல்லாது என்று தெரிந்தே போட்டேன்" என்றார்.

கதை இதுதான். பென்னின் அப்பாவுக்கு 1942ல் ஸ்டான்ஸ்கேட் பிரபு என்று பட்டம் கொடுத்தார்கள். மூத்த பிள்ளை மைக்கேல் பாதிரியாராகப் போகிறவர், பட்டம் அவருக்கு இடைஞ்சல் இல்லை என்று வீட்டில் நினைத்தார்கள். அவர் விமானப்படையில் 1944ல் இறந்துபோனார். வாரிசு டோனி ஆனார். 1950ல் தென்கிழக்கு பிரிஸ்டல் எம்பி. 1960 நவம்பரில் அப்பா கண்ணை மூடியதும் இவர் பிரபு. பிரபு ஆனவர் மக்கள் சபையில் இருக்க முடியாது, அதனால் எம்பி பதவி காலி. விண்ணப்பமும் கிடையாது, சம்மதமும் கேட்க மாட்டார்கள்.

இடைத்தேர்தல் வந்தது. இவருக்குப் போடும் ஓட்டு வீண் என்று எதிர்த்தரப்பு சொல்லிக்கொண்டே இருந்தது. இவரே மறுபடி நின்று 13 ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். சபை வாசலில் காவலர் உள்ளே விடவில்லை. பாட்டி இந்த இடத்தைச் சொல்லும்போது கதவை மறிப்பது போல் கையை நீட்டிக் காட்டினார். எனக்குக் காலையில் பார்த்த பேனா நுனி ஞாபகம் வந்தது. அப்புறம் தேர்தல் நீதிமன்றம் தோற்றுப்போன மால்கம் செயின்ட் கிளேரை எம்பி ஆக்கியது. வேடிக்கை என்னவென்றால் அவரும் ஒரு பிரபுப் பட்டத்துக்கு வாரிசு.

கடைசியில் 1963 ஜூலை 31ல் சட்டம் வந்தது. அன்று மாலையே முதல் ஆளாகப் பட்டத்தைத் துறந்தவர் பென். செயின்ட் கிளேர் கொடுத்த வாக்குப்படி விலகினார், ஆகஸ்டில் பென் மறுபடி எம்பி. ஆனால் அதிகம் லாபம் அடைந்தது பென்னுக்கு எதிரான, அப்போது ஆட்சியில் இருந்த கன்சர்வேட்டிவ் கட்சிதான். அக்டோபரில் ஹோம் பிரபு பிரதமரானதும் அதே சட்டத்தை வைத்துத்தான் பட்டத்தை விட்டு மக்கள் சபைக்கு வந்தார்.

நான் பென்னின் ரசிகன் இல்லை. அவர் பொருளாதாரம் எனக்கு ஒத்துவராது. லண்டன் ஹாலந்து பார்க்கில் பெரிய வீடு, பணக்கார அமெரிக்க மனைவி, இவருக்கெல்லாம் பட்டத்தை விடுவது சுலபம் என்பீர்கள். இருக்கட்டும். இந்தியாவை ஆண்டவர்களுக்கு வக்காலத்தா என்றும் ஒருவர் வருவார். பென்னின் அப்பா 1929 முதல் 31 வரை இந்தியாவுக்கான அமைச்சராகவே இருந்தவர், அதுவும் தெரியும். அப்பா வழியாக வந்து ஒட்டிக்கொண்ட பெயரைக் கழற்ற அந்த ஆளுக்கு மூன்று வருடம் ஆனது என்பதைத்தான் சொல்கிறேன். 1973ல் அந்தோணி வெட்ஜ்வுட் பென் என்பதையும் விட்டு, வெறும் டோனி பென் என்று கூப்பிடுங்கள் என்றார். எனக்கு நேர் எதிர். அப்பா பெயர் ஒட்டவில்லை என்று 50 பவுண்டு அழுதேன்.

ஒன்று விட்டுவிட்டேன். துறப்பது அவரவர் ஆயுளுக்கு மட்டும்தான், பட்டம் அழியாது. பென் இறந்ததும் அது மூத்த மகன் ஸ்டீபனுக்குப் போனது. அவர் 2021ல் பரம்பரைப் பிரபுக்களுக்கான இடைத்தேர்தல் வழியாகப் பிரபுக்கள் சபைக்கே போய்விட்டார்.

மறுபடி 50 பவுண்டு கட்டி எழுதினேன், பாஸ். பிரபுக்களைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.