இரண்டாம் வகுப்புக்குப் பயமுறுத்தல் வேண்டாம் டீச்சர்

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் படங்களைக் காட்டிப் பாடம் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் டீச்சர், பாதிப் பேருக்குப் பயம் வரும், மீதிப் பேருக்கு ஆர்வம் வரும். மருந்திலிருந்து ஆரம்பியுங்கள். கலர் மாத்திரை, மிட்டாய் இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி எது மிட்டாய் என்று கேளுங்கள், கட்டாயம் குழம்புவார்கள், வீட்டுப் பெரியவர்கள் கொடுக்காமல் எதையும் வாயில் போடக்கூடாது என்பதை அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். அப்புறம் 'வேண்டாம்' என்று சொல்லி நகர்ந்துபோய்ப் பெரியவரிடம் சொல்வதை நடித்துப் பார்க்கட்டும்.

அமெரிக்காவின் பால்டிமோரில் 1980களில் முதல் வகுப்பில் குழுவாக ஒழுங்கு காக்கும் விளையாட்டு ஒன்றை ஆடவைத்தார்கள், போதையைப் பற்றிய பாடமே அல்ல அது, ஆனாலும் அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபோது, குறிப்பாக முரட்டுப் பையன்களிடம், போதைப் பழக்கம் குறைவாக இருந்தது.

'எங்கப்பா குடிப்பாரு' என்று ஏதாவதொரு குழந்தை எழுந்து சொல்லலாம். எல்லார் முன்னாலும் தோண்டாமல், பிறகு தனியே கூப்பிட்டுப் பேசுங்கள்.