ஒரே பக்கத்தில் செத்துப்போனாலும் உங்கள் மனதை விட்டுப் போகாத கதாபாத்திரம் யார்?

ஆலிவர் ட்விஸ்டின் அம்மா.

பள்ளியில் எங்களுக்கு சார்லஸ் டிக்கன்ஸின் அந்தக் கதை நான்-டீடெயில். சுருக்கிய பதிப்பு என்பதால் பிரசவத்தில் தாய் இறந்தாள் என்று அரை வரியில் முடித்துவிட்டார்கள். ரொம்ப வருஷம் கழித்து சென்னை லஸ் முனை நடைபாதைக் கடையில் முழு நாவல் கிடைத்தது. வீட்டுக்கு வர 29சி பஸ் ஏறினேன். ஜெமினி வருவதற்குள் முதல் அத்தியாயம் முடிந்துவிட்டது, அவளும் போய்விட்டாள்.

பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சாகிறேன் என்கிறாள். நெற்றியில் முத்தம் கொடுக்கிறாள், அவ்வளவுதான். டாக்டர் அவளுடைய இடது கையைத் தூக்கிப் பார்க்கிறார், கல்யாண மோதிரம் இல்லை. வழக்கமான கதைதான் என்று தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறார். அந்த 'சாப்பிடப் போகிறார்' எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

ஆலிவர் என்றால் எல்லோரும் இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்டதைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால் கதை திரும்புவது வேறு இடத்தில். பட்டினி, அடி எல்லாவற்றையும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்ட பையன் அவன். அவனை வேலைக்கு விட்ட சவப்பெட்டிக் கடையில் அவனோடு வேலை செய்யும் நோவா கிளேபோல் செத்துப்போன அம்மாவைக் கேவலமாகப் பேசியதும் பாய்ந்து அடித்துவிடுகிறான். வியாசர்பாடியில் நாங்கள் கிரிக்கெட் ஆடும்போதும் இதே சட்டம்தான்: என்ன வேண்டுமானாலும் திட்டு, அம்மாவை இழுக்காதே. இழுத்தால் ஸ்டம்பு கையோடு வரும். ஆலிவரோ அம்மா முகத்தைக்கூடப் பார்த்து அறியாதவன். அந்தச் சண்டைக்கு வாங்கிய அடியில்தான் விடிவதற்குள் ஓடிப்போகிறான். 70 மைல் நடந்து லண்டன், அப்புறம் திருட்டுக் கும்பல்.

மோதிரம் இல்லை என்றார்களே, இருந்தது. கழுத்து லாக்கெட்டுக்குள். பிரசவம் பார்த்த கிழவியே பிணத்தின் மேலிருந்து எடுத்துவிட்டாள். மோதிரத்தின் உள்பக்கம் 'ஆக்னெஸ்' என்று பெயர் வெட்டியிருக்கும், குடும்பப் பெயருக்கு விட்ட இடம் காலி. பிள்ளை யார் என்பதற்கு இருந்த சாட்சி அதுதான், கடைசியில் ஆற்றில் போய் விழுகிறது.

முடிவில் அவள் முழுப் பெயர் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் கிராமத்துச் சர்ச்சில் வைத்த வெள்ளைச் சலவைக்கல்லில் 'ஆக்னெஸ்' மட்டும்தான். கல்லுக்கு அடியில் சவப்பெட்டி கிடையாது.