கேள்வி-பதில்: மச்சினர் சொல்கிறார், 85 லட்சத்துக்கு டிஜிட்டல் மெஷின் வாங்கலாமா?

கேள்வி: சிவகாசியில் 14 வருடமாக லேபிள் அச்சகம் நடத்துகிறேன். ஒரு ஆஃப்செட்டும், ரோலில் லேபிள் அடிக்கும் ஆறு கலர் ஃப்ளெக்ஸோ மெஷின் ஒன்றும் இருக்கின்றன. வட்டி, சம்பளம் எல்லாம் போக மாதம் 1.6 லட்சம் நிற்கிறது. என் மனைவியின் தம்பி விருதுநகர் பக்கம் பன்னீர் சோடா, ஜூஸ் கம்பெனி வைத்திருக்கிறார். அவருக்கு லேபிள் எல்லாம் நான்தான். மாதம் சுமார் 5 லட்சம் பில் ஆகிறது, லாபம் 8 சதவீதம். இப்போது 31 லட்சம் பாக்கி நிற்கிறது. ‘சீசன் முடியட்டும் மாமா’ என்கிறார். அதுவரை சமாளிக்க வங்கி ஓவர்டிராஃப்ட்டில், அதாவது ஓ.டி.யில் 15 லட்சம் (11.5%), மனைவியின் நகையை வைத்து 12 லட்சம் (12%), பேப்பர் கடையில் 4 லட்சம் (மாதம் 2 வட்டி) என்று ஓடுகிறது. நகையை வருடா வருடம் வட்டி கட்டித் திருப்பி வைக்கிறேன். போன மாதம் மச்சினரின் புது வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு என் மனைவி கவரிங் போட்டுக்கொண்டுதான் வந்தாள்.

கோவாவில் ஜின் கம்பெனி தொடங்கும் நண்பர் ஒருவரை மச்சினர் அழைத்து வந்தார். ஆறு வகை, வகைக்கு மாதம் 5,000 லேபிள் வேண்டுமாம். டிஜிட்டல் மெஷின் இருந்தால் அந்த ஆர்டரும் எனக்கு, சோடா கம்பெனியின் புது ஃப்ளேவர்களும் எனக்கு என்கிறார்கள். இறக்குமதியான பழைய மெஷின் 85 லட்சம். வங்கி 70 லட்சம் தரும் (5 வருடம், 11%). மீதி 15 லட்சத்துக்கு மகள் பெயரில் உள்ள மியூச்சுவல் ஃபண்டில் 9 லட்சத்தை எடுத்து, மிச்சத்தைக் கைமாற்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். ஊரில் பலர் டிஜிட்டலுக்குப் போய்விட்டார்கள். நான் பின்தங்கிவிடுவேனோ என்று தூக்கம் வரவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சிவகாசி

பதில்: மெஷினைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் என் கண் நின்ற இடம் அந்த 31 லட்சம்தான். அதனால் முதலில் அதைப் பார்ப்போம்.

ஓ.டி. 15 லட்சத்துக்கு வருடம் ஏறக்குறைய 1.72 லட்சம் வட்டி. நகைக்கு 1.44 லட்சம். பேப்பர் கடைக்கு 96,000. மொத்தம் 4.12 லட்சம், அதாவது மாதம் 34,000 ரூபாய். இந்த மூன்று கடனையும் கூட்டினால் எவ்வளவு வருகிறது? 15, 12, 4. சரியாக 31 லட்சம். உங்கள் அச்சகத்துக்குக் கடனே இல்லை. இருப்பதெல்லாம் மச்சினர் கம்பெனியின் கடன். அதற்கு நகையும் கையெழுத்தும் கொடுத்து வட்டி கட்டுவது மட்டும் நீங்கள்.

அவர் ஆர்டரில் உங்களுக்கு நிற்பது மாதம் 40,000. வட்டி 34,000. மிச்சம் 6,000. ஐந்து லட்சத்துக்கு வேலை செய்து, இரண்டு ஷிஃப்ட் ஆள் நிறுத்தி, 6,000 ரூபாய். இதற்கு மேல் ஜிஎஸ்டி வேறு. பில் போட்ட அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் நீங்கள் வரியைக் கட்டிவிடுகிறீர்கள், அந்தப் பணம் உங்கள் கைக்கு வர ஆறு மாதம் ஆகிறது. காலண்டர் ஆர்டருக்கு முன்பணம் வாங்காமல் மெஷினை ஓட்டமாட்டேன் என்று கடிதத்தின் இன்னோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கறாரை வீட்டுக்குள்ளும் கொண்டுவர வேண்டிய நேரம் இது.

இனி மெஷினுக்கு வருகிறேன். டிஜிட்டல் அச்சு மோசமான தொழில்நுட்பம் இல்லை. பானத் தொழிலில் அது செய்திருக்கும் வேலை சாதாரணமானதும் இல்லை. கோக-கோலா 2011-இல் ஆஸ்திரேலியாவில் 150 பெயர்களைப் பாட்டிலில் போட்டுத் தொடங்கிய பிரசாரம் பல நாடுகளுக்குப் போனது. 2014-இல் இஸ்ரேலில் டயட் கோக்குக்கு ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத 20 லட்சம் லேபிள்களை எச்பி இண்டிகோ மெஷினில் அச்சடித்தார்கள். டிசைனுக்கு டிசைன் தனியாகச் செய்யும் அச்சு பிளேட் டிஜிட்டலில் இல்லாததால்தான் இது முடிந்தது. மெஷின் விற்பவர் உங்களிடம் காட்டியிருக்கும் வீடியோக்களில் இவையும் இருந்திருக்கும். ஆனால் அந்த லேபிளுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். உலகம் முழுக்க விளம்பரத்துக்குச் செலவு செய்யும் கம்பெனி அது. ஒரு லேபிளுக்கு எவ்வளவு கூடினாலும் விளம்பரக் கணக்கில் எழுதிக்கொள்ளும். விருதுநகர் சோடா கம்பெனி அப்படி எழுதாது.

நீங்கள் அனுப்பிய விலைகளை வைத்தே போடுகிறேன். ஃப்ளெக்ஸோவில் ஒரு டிசைனுக்கு பிளேட் செட் 12,000, மேக்ரெடியில், அதாவது ஓட்டத்துக்கு மெஷினைத் தயார் செய்வதில், வீணாகும் ஸ்டிக்கர் ரோலும் நேரமும் 4,000. ஆக, ஓடத் தொடங்கும் முன்பே 16,000. அதன் பிறகு மை முதலான செலவு லேபிளுக்கு 8 பைசா. டிஜிட்டலில் தொடக்கச் செலவு கிட்டத்தட்ட இல்லை, ஆனால் கிளிக் கட்டணம் (ஒவ்வொரு அச்சுக்கும் மெஷின் கம்பெனிக்குக் கட்டுவது) சேர்த்து லேபிளுக்கு 45 பைசா. வித்தியாசம் 37 பைசா. 16,000-ஐ அதால் வகுத்தால் சுமார் 43,000. அதற்குக் கீழே டிஜிட்டல் மலிவு, மேலே ஃப்ளெக்ஸோ மலிவு. விற்பவர் கணக்கை இங்கே நிறுத்திவிட்டார்.

அதே டிசைன் இரண்டாவது முறை வரும்போது பிளேட் உங்கள் அலமாரியில் இருக்கிறது. அப்போது தொடக்கச் செலவு 4,000 மட்டும். எல்லை 43,000-இலிருந்து 11,000-க்கு இறங்கிவிடுகிறது. மது லேபிளில் டிசைன் அடிக்கடி மாறவே மாறாது. ஒவ்வொரு மாநிலத்திலும் கலால் துறையிடம் பிராண்டையும் லேபிளையும் பதிவு செய்து, கட்டணம் கட்டித்தான் விற்க முடியும். லேபிளை மாற்றினால் பொதுவாக மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 2019 ஏப்ரலிலிருந்து எச்சரிக்கை வாசகமும் பாட்டிலில் இருந்தாக வேண்டும். அதனால் ஒருமுறை ஒப்புதல் வாங்கிய லேபிளை மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுவார்கள். பாட்டிலுக்கு ஒரு படம், ஆளுக்கு ஒரு பெயர் என்பதற்கெல்லாம் சோடாவில் இருக்கும் சுதந்திரம் ஜின்னில் இல்லை.

கோவாவில் 2017-க்குப் பிறகு கிராஃப்ட் ஜின் பிராண்டுகள் வரிசையாக வந்தது உண்மை. சின்ன ரன், அழகான லேபிள், டிஜிட்டலுக்கு ஏற்ற வேலைதான். ஆனால் அந்த லேபிளைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரல் பட்டால் சொரசொரக்கும் பேப்பர், அதில் தங்க ஃபாயில், எம்பாஸ் (மேடாக எழும்பும் அச்சு), பாட்டிலின் வளைவுக்கு ஏற்ப டை வைத்து வெட்டிய வடிவம். ஐஸ் வாளியில் ஒரு மணி நேரம் கிடந்தாலும் சுருங்கக் கூடாது. டிஜிட்டல் மெஷின் இதில் கலரை மட்டும் போட்டு ரோலாகத் தரும். ஃபாயில், வார்னிஷ், டை கட்டிங்குக்கு வேறு மெஷின் வேண்டும். உங்கள் கொட்டேஷனில் அது இல்லை. மை ஒட்டுவதற்குச் சில பேப்பர்களுக்கு முன்பூச்சு தேவைப்படும், அதுவும் இல்லை. பழைய மெஷின் என்றால் பிளாங்கெட், பிஐபி மாதிரி தேயும் பாகங்களை யார் தருவார், கம்பெனி சர்வீஸ் ஒப்பந்தம் உங்கள் பெயருக்கு மாறுமா என்று எழுத்தில் வாங்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இன்னொன்று. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதனால் ஜின் தயாரிப்பவருக்கு உங்கள் பில்லில் உள்ள ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க வழியில்லை. சோடா கம்பெனி அந்த வரியை வரவு வைத்துக்கொள்ளும், ஜின் கம்பெனிக்கு அது முழுச் செலவு. இரண்டாவது மாதமே விலையைக் குறைக்கச் சொல்வார், தயாராக இருங்கள்.

மாதச் செலவைப் பாருங்கள். 70 லட்சத்துக்குத் தவணை சுமார் 1.52 லட்சம். சர்வீஸ் ஒப்பந்தம் 35,000. ஏசி அறை, கரண்ட், ஆபரேட்டர் 45,000. ஆக 2.32 லட்சம். உங்களுக்கு இப்போது நிற்பதே 1.6 லட்சம்தான். லேபிளுக்கு 60 பைசா நிற்கும் என்று விற்பவர் சொன்னாராம். ஃபாயிலும் டையும் வெளியே கொடுத்தால் 40 பைசாவுக்கு மேல் நான் எதிர்பார்க்க மாட்டேன். 40 பைசா என்றால் மாதம் 5.8 லட்சம் லேபிள் ஓட வேண்டும். ஒரு வேலை 8,000 லேபிள் என்று வைத்தால் 72 வேலை. ஞாயிறு தவிர தினம் மூன்று புது வேலை. 60 பைசாவே கிடைத்தாலும் 48 வேலை வேண்டும். கோவா நண்பரின் 30,000 லேபிளில் வருவது 12,000 ரூபாய். மீதி 2.2 லட்சத்துக்கு மச்சினரின் ஃப்ளேவர்கள்தான் கதி. அவரோ ஆறு மாதம் கழித்துத் தருவார்.

இங்கேதான் எனக்குக் கவலை அதிகம். டிஜிட்டலின் பெரிய லாபம் யாருக்கு என்று யோசியுங்கள். குடோனில் லேபிள் அடுக்கி வைக்க வேண்டாம், ஃப்ளேவர் ஓடவில்லை என்றால் தூக்கிப்போட வேண்டாம், விலையோ லைசென்ஸ் எண்ணோ மாறினால் நஷ்டம் இல்லை. இவை எல்லாம் பானம் தயாரிப்பவருக்கு வரும் லாபம். மெஷினின் முதலீடும் தவணையும் அச்சகத்துக்காரருக்கு. பானம் தயாரிப்பவர் பணத்தைக் கையோடு கொடுத்தால் இது நியாயமான வியாபாரம். ஆறு மாதம் இழுத்தால், அவர் குடோனின் பாரத்தையும் உங்கள் மகளின் சேமிப்பிலிருந்து நீங்களே சுமக்கிறீர்கள். அந்த 9 லட்சத்தைத் தொடவே வேண்டாம்.

மச்சினரிடம் எப்படிப் பேசுவது? சண்டை போடச் சொல்லவில்லை. அக்காவையும் தம்பியையும் பிரிக்கும் ஆலோசனையை நான் தரமாட்டேன். ‘ஆடிட்டர் சொல்கிறார்’ என்று தொடங்குங்கள், அதில் பொய் இல்லை. சிறு, குறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கில், மாதக் கூட்டு வட்டி. வருமான வரியிலும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், கெடு தாண்டிய பாக்கியை அவர் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். அதுவரை அந்தத் தொகைக்கும் சேர்த்து அவர் வரி கட்ட வேண்டும். போதாததற்கு, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால், அவர் எடுத்த ஜிஎஸ்டி வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். உங்கள் உதயம் பதிவு (சிறு, குறு தொழிலுக்கான அரசுப் பதிவு) நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தாமதம் அவருக்கே நஷ்டம் என்பதை அவருடைய ஆடிட்டரையும் உட்கார வைத்துக் காட்டுங்கள்.

பிறகு இரண்டு தாள். ஒன்றில், இன்றைய தேதியில் பாக்கி 31 லட்சம் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். கடனை வசூலிக்கும் சட்டக் கெடு மூன்று வருடம். கெடு முடிவதற்குள் வாங்கும் இந்தக் கையெழுத்திலிருந்து அது புதிதாக எண்ணத் தொடங்கும். இன்னொன்றில், மாதம் 1.72 லட்சம் வீதம் 18 தவணை. புது ஆர்டருக்குப் பாதி முன்பணம், மீதி பண்டல் வண்டி ஏறும்போது. ‘சொந்தத்துக்குள் இதென்ன’ என்பார். சொந்தம் என்பதால்தான் வட்டி கேட்காமல் 18 மாதம் தருகிறீர்கள்.

கோபித்துக்கொண்டு ஆர்டரை வேறிடம் கொண்டுபோனால்? பழைய பாக்கி தீரும்வரை வட்டி ஓடும், உண்மைதான், ஆனால் அது வளராது. காலியாகும் மெஷின் நேரத்தில் கையோடு பணம் தருபவரின் வேலையைப் பாதி அளவு பிடித்தாலும் போதும், பாக்கி தீர்ந்ததும் அவரிடம் கிடைத்த 6,000-ஐ விட அதிகம் நிற்கும்.

கோவா ஆர்டரை விடவும் வேண்டாம். டிஜிட்டல் வைத்திருப்பவரிடம் ஜாப் ஒர்க்காகக் கொடுத்து வாங்குங்கள், ஃபாயிலையும் டையையும் அதே மாதிரி வெளியே செய்யுங்கள். லேபிளுக்கு 15 பைசா நின்றாலும் கையை விட்டு ஒரு ரூபாயும் போகவில்லை. வாடிக்கையாளர் உங்களுடையவராக இருப்பார். முதல் ஆர்டருக்கு முழு முன்பணம் வாங்குங்கள், புதுக் கம்பெனி அது. இப்படி வெளியே கொடுக்கும் டிஜிட்டல் வேலைக்கு நீங்கள் கட்டும் பில், தொடர்ந்து ஆறு மாதம், மாதம் 3 லட்சத்தைத் தாண்டினால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அன்றைக்கு மெஷின் பற்றிப் பேசுவோம், அதுவும் சர்வீஸ் உத்தரவாதம் உள்ள மெஷின்.

மச்சினர் தரும் முதல் மூன்று தவணை பேப்பர் கடைக்கு. 24 சதவீத வட்டி அங்கேதான் ஓடுகிறது. அதன் பிறகு வருவதை ஓ.டி.யில் போட்டுவிடாதீர்கள், நேராக நகைக்குக் கட்டுங்கள். பத்தாவது மாதத்துக்குள் 12 லட்சமும் அடைந்துவிடும். நகையை மீட்கப் போகும்போது உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.