கேஸ் குறைஞ்சிருக்கும்மா

வணக்கம் அக்கா. உங்கள் எழுத்தைத் தொடர்ந்து படிப்பவன். கதை, கட்டுரை பற்றி எழுதாமல் என் பிழைப்பைப் பற்றி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு கம்பெனியில் ஏர்கோன் டெக்னிஷனாக இருந்துவிட்டு, இரண்டு வருடமாகச் சொந்தமாகச் செய்கிறேன். ஒரு பழைய வேன், உதவிக்கு மச்சான். கெப்போங், செந்தூல், செலாயாங் பக்கம் ஓடுகிறோம். ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு மாதாமாதம் காசு கட்டுகிறேன். அழைப்பு வருகிறது, ஆனால் ஒரு தடவை கூப்பிட்டவர்கள் மறுபடி கூப்பிடுவதில்லை. நான் ஒரு யூனிட்டைக் கழுவ 80 வெள்ளி (ரிங்கிட்) கேட்டால் இன்னொருவன் 60க்குச் செய்கிறான். அதனால் நானும் 60க்கு இறங்கிவிட்டேன். கேஸ் டாப்-அப்பில் சரிக்கட்டுகிறேன், எல்லாரும் அப்படித்தான். நம் ஆட்களே சீனர் கம்பெனியைக் கூப்பிடுகிறார்கள் என்பது இன்னொரு வருத்தம். இன்னும் விலையைக் குறைப்பதா, விளம்பரத்தைக் கூட்டுவதா? ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்து மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிந்தால் மதிப்பு வருமா? வாடிக்கையாளரைப் பிடிக்க வழி சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

இரண்டு வருடமாகப் பதியாமலா ஓட்டுகிறீர்கள்? தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டம். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, வேறு பெயர் என்றால் 60. நீங்கள் ஒரு யூனிட் கழுவினால் வருகிற காசு. முதலில் அதைச் செய்யுங்கள். பெயர் ஆங்கிலமா தமிழா என்பதெல்லாம் உங்கள் இஷ்டம்.

நம் ஆட்கள் சீனர் கம்பெனியைக் கூப்பிடுகிறார்கள் என்ற வருத்தத்தை இனி எனக்கு எழுதாதீர்கள். பத்து மணிக்கு வருகிறேன் என்றவன் பத்து மணிக்கு வந்தால் அவனைக் கூப்பிடுகிறார்கள். ஜாலான் கூச்சிங்கில் ஜாம் என்றால் ஒன்பதே முக்காலுக்குப் போன் செய்து சொல்பவனைக் கூப்பிடுகிறார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வருகிறவன் தமிழன் என்பதற்காக மத்தியானம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு முடியும்?

சரி. இதற்கெல்லாம் நான் பதில் எழுதியிருக்கவே மாட்டேன். என்னை எழுத வைத்தது நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்காத ஒரு வரி. “கேஸ் டாப்-அப்பில் சரிக்கட்டுகிறேன்.” போகிற போக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள்.

என் அம்மா செத்தாபாக்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். படுக்கையறையில் ஒரு ஏர்கோன், என் தம்பி வாங்கிப் போட்டது. சமீபத்தில் ஓர் இரவு அங்கே தங்கினேன். நடுச்சாமத்தில் புழுக்கம் தாங்காமல் விழித்தால், ஏர்கோன் ஓடவில்லை. அம்மா கட்டிலில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏன்மா நிறுத்தினீங்க என்றேன். “ராத்திரி பூரா போட்டா கேஸ் தீந்துடும்டி. இப்பதான் ஏத்திட்டுப் போனான்” என்றார்.

கரண்ட் பில்லுக்குப் பயந்து நிறுத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. சமையல் கேஸை எப்படிச் சிக்கனமாக எரிப்பாரோ அப்படி ஏர்கோன் கேஸைச் சேமித்துக்கொண்டிருக்கிறார். எழுபது வயது தாண்டியவர், வியர்வையில் நனைந்துகொண்டு! கேஸ் தீர்ந்துவிடும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் வருகிற பையன் ஒவ்வொரு தடவையும் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு “கேஸ் குறைஞ்சிருக்கும்மா” என்பான், ஏற்றுவான், காசை வாங்கிக்கொண்டு போவான். அம்மா அவனுக்கு மைலோ வேறு கலக்கிக் கொடுப்பார். குறைகிறது, ஏற்ற வேண்டியிருக்கிறது என்றால் ஓட ஓடத் தீர்கிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

உங்களுக்குத் தெரியாததில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏர்கோனில் கேஸ் எரிவதில்லை, செலவாவதில்லை. செம்புக் குழாய்க்குள் அடைபட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உள்ளே ஆவியாகி அறையின் சூட்டை எடுத்துக்கொள்கிறது, வெளியே இருக்கிற யூனிட்டில் மறுபடி திரவமாகி அந்தச் சூட்டை விட்டுவிடுகிறது. அவ்வளவுதான். ஐஸ்பெட்டியிலும் இதே ஏற்பாடுதான். வருடா வருடம் உங்கள் வீட்டு ஐஸ்பெட்டிக்கு யாராவது கேஸ் ஏற்றுகிறார்களா? கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் குழாயை நட்டுப் போட்டு இறுக்கிய மூட்டில். சோப்புத் தண்ணீர் தடவினாலே பல நேரம் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். அதைச் சரிசெய்யாமல் மேலே மேலே ஏற்றுவதற்குக் காசு வாங்குவது வேலையில்லை, தம்பி.

இந்தப் பொய் ஏன் மாட்டிக்கொள்வதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? ஃபில்டரும் உள்ளே இருக்கிற காயிலும் அழுக்கடைந்தால் காற்று வராது, குளிராது. சில சமயம் காயிலில் ஐஸ்கூடக் கட்டும். கேஸ் குறைந்தாலும் குளிராது, ஐஸும் கட்டலாம். நீங்கள் போய்க் கழுவுகிறீர்கள், கூடவே கேஸ் ஏற்றியதாகவும் சொல்கிறீர்கள். அறை ஜில்லென்று ஆகிறது. குளிர வைத்தது தண்ணீரும் பிரஷும். பெயர் மட்டும் கேஸுக்குப் போகிறது. பொய்யையும் நல்ல வேலையையும் ஒரே பில்லில் போடுகிறீர்கள், வீட்டுக்காரரால் எப்படிப் பிரித்துப் பார்க்க முடியும்?

இந்த பிஎஸ்ஐ கணக்கில், அதாவது மீட்டர் காட்டும் கேஸ் அழுத்தத்தை வைத்து, காசு வாங்கும் வழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இன்வெர்ட்டர் யூனிட்டில் கம்ப்ரசரின் வேகம் கூடிக் குறைய மீட்டர் முள்ளும் ஏறி இறங்கும். அந்த முள்ளைக் காட்டி ஒரு கிழவியிடம் காசு கேட்பதா? எவ்வளவு கேஸ் இருக்க வேண்டும் என்று வெளி யூனிட்டின் தகட்டில் எடைக்கணக்கில் அச்சடித்திருக்கிறது. ஆர்32 வகைக் கேஸ் ஆனாலும் ஆர்410ஏ ஆனாலும் தராசில் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். அளவுக்கு மேல் போனால் கம்ப்ரசருக்குத்தான் கேடு. கம்பெனியில் இருந்தவர் நீங்கள், இதை நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

முதலில் கழுவுங்கள். கேஸ் பேச்சையே எடுக்காதீர்கள். கால் மணி நேரம் ஓடவிட்டு, உள்ளே போகிற காற்றையும் வெளியே வருகிற காற்றையும் ஒரு சின்னத் தெர்மாமீட்டரால் அளந்து வீட்டுக்காரரிடமே காட்டுங்கள். 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால், “கேஸ் சரியா இருக்கும்மா, ஏத்த வேண்டாம்” என்று சொல்லிவிட்டு ஏணியை மடியுங்கள். வித்தியாசம் இல்லை என்றால் ஓட்டையைத் தேடுங்கள், கண்டுபிடித்து அடையுங்கள், அதற்குரிய கூலியைக் கூசாமல் கேளுங்கள். ஃபில்டரை அவர்களே இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குழாயடியில் கழுவலாம் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். வேலை போய்விடும் என்று பயப்படாதீர்கள். காயிலையும் தண்ணீர் போகும் குழாயையும் யாரும் தானாகக் கழுவப் போவதில்லை.

அப்படியானால் 60 வெள்ளிக்குக் கட்டுப்படியாகாது என்பீர்கள். ஆகாதுதான். 80 கேளுங்கள். 60க்குச் செய்கிறவன் மிச்சத்தை எங்கே எடுக்கிறான் என்று உங்களுக்கே தெரியும், நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விலையைப் பேசும்போதே, கழுவாமல் அளக்காமல் கேஸ் ஏற்ற மாட்டேன் என்று வாட்சப்பில் எழுதிக் கொடுங்கள். ஐந்து பேர் கேட்டால் மூன்று பேர் மலிவானவனிடம் போவார்கள். போகட்டும்.

இன்னொன்று. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இலிருந்து இருக்கிறது. 50,000 வெள்ளி வரைக்குமான புகாரை 5 வெள்ளி கட்டி பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. அம்மாவுக்காகப் போகலாம் என்றுதான் நினைத்தேன். “பாவம்டி, சின்னப் பையன்” என்று அவர் தடுத்துவிட்டார். எல்லா வீட்டிலும் என் அம்மா இருக்க மாட்டார்.

மச்சானைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழுவுவதற்கு யார் வேண்டுமானாலும் உதவலாம். புதிய ஏர்கோனுக்கு வயர் இழுக்கிற வேலையென்றால் எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் சான்றிதழ் உள்ளவர் வேண்டும். மச்சானை அதற்குப் படிக்கப் போடுங்கள்.

கூப்பிட்டவர்கள் மறுபடி கூப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அவர்களைக் கூப்பிட்டீர்களா? ஒரு சின்ன 555 குறிப்பு நோட்டு வாங்கி, எந்த வீடு, என்ன மாடல், என்ன கேஸ், கடைசியாக எப்போது கழுவியது, அன்றைக்கு எத்தனை டிகிரி என்று எழுதி வையுங்கள். ஆறேழு மாதம் கழித்து அதைப் பார்த்து ஒரு செய்தி அனுப்புங்கள். விளம்பரத்துக்குக் கட்டுகிற காசை அப்புறம் பார்க்கலாம்.

என் வீட்டு ஹாலில் இருக்கிற ஏர்கோன் இரண்டு வாரமாகச் சொட்டுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறேன். உங்களையே கூப்பிடலாம் என்று கடிதத்தை மறுபடி தேடிப் பார்த்தேன். வாடிக்கையாளர் வேண்டும் என்று இவ்வளவு நீளம் எழுதியவர், போன் நம்பரை எழுதவே இல்லை. அனுப்புங்கள். 80 வெள்ளி தருகிறேன்.