பல் பிடுங்கியாச்சு, இனி அந்தக் குழியைக் காப்பாற்றுங்கள் (கேள்வி பதில்)

குன்னூரில் 19 வருடமாகப் பல் வைத்தியம் பார்க்கிறேன். குளிர் ஆரம்பித்ததிலிருந்து பல் பிடுங்கிக்கொண்டு போனவர்கள் மூன்றாம் நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவது அதிகமாகியிருக்கிறது. அதனால்தான் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று நேற்று எழுதினேன். வந்தவற்றுக்கு, கேட்டவரின் ஊர்ப் பெயரை முன்னால் போட்டு, வரிசையாகப் பதில் சொல்கிறேன். உங்கள் வாயை நேரில் பார்த்த டாக்டர் இதற்கு மாறாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

வெலிங்டன்: நேற்று சாயங்காலம் கீழ் ஞானப்பல்லை எடுத்தார்கள். வாய் முழுக்க இரத்த ருசி. ராத்திரி பூரா துப்பிக்கொண்டே இருந்தேன், நிற்கவே இல்லை. என்ன செய்வது அக்கா?

முதலில் துப்புவதை நிறுத்துங்கள். நிற்காததற்குக் காரணமே அதுதான். பல் வெளியே வந்ததும் அந்தக் குழியில் இரத்தம் ஊறி, உறைந்து, ஒரு கட்டியாக உட்கார வேண்டும். கீழே திறந்து கிடக்கும் எலும்புக்கும் நரம்பு நுனிகளுக்கும் அந்தக் கட்டிதான் மூடி, புதுச் சதை வளர அதுதான் பந்தல். துப்பும்போது வாய்க்குள் ஓர் இழுவிசை வருகிறது இல்லையா, அது கட்டியைப் பெயர்த்துவிடும், பெயர்ந்தால் மறுபடி இரத்தம், மறுபடி துப்பல். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதும் பீடி இழுப்பதும் இதே வேலையைத்தான் செய்யும். ஊறுவதை மெதுவாக விழுங்குங்கள். எச்சிலில் கலந்த இரண்டு சொட்டு இரத்தம் ஒரு வாய் இரத்தம் மாதிரி தெரியும், பயப்பட வேண்டாம். முதல் 24 மணி நேரம் எச்சில் இளஞ்சிவப்பாக வருவது சகஜம்.

சிவப்பாகக் குழி நிரம்பி வந்தால், சுத்தமான காஸ் துணியைத் தடிமனாகச் சுருட்டி, நனைத்துப் பிழிந்து, சரியாகக் குழியின் மேல் வைத்து 30 நிமிடம் அழுத்திக் கடியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கக் கூடாது. நம் வீடுகளில் காஸ் இல்லாவிட்டாலும் டீ பேக் இருக்கும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அதையே வைத்துக் கடிக்கலாம், தேயிலையில் உள்ள டானின் இரத்தத்தை உறைய வைக்க உதவும். பையோடுதான் வைக்க வேண்டும். ஒருவர் ஃபாக்டரியிலிருந்து எடுத்த டஸ்ட் தூளை அப்படியே குழிக்குள் அடைத்துக்கொண்டு வந்தார், கழுவி எடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. இரண்டு தடவை அழுத்தியும் நிற்கவில்லை என்றால் பல் எடுத்த இடத்துக்கே கிளம்புங்கள்.

கேத்தி: சூடாக டீ குடிக்கலாமா? இந்தக் குளிரில் டீ இல்லாமல் முடியவில்லை.

முதல் 24 மணி நேரம் சூடு வேண்டாம். சூடு இரத்தக் குழாயை விரித்துவிடும், இரத்தம் மறுபடி கசியும். ஊசி போட்டதால் வந்த மரப்பு விட்டுப்போக இரண்டு மூன்று மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதுவரை உதடு வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. நன்றாக ஆற வைத்து டம்ளரில் சாதாரணமாகக் குடியுங்கள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பாக.

ஊட்டி: வர்க்கி பிஸ்கட் சாப்பிடலாமா?

ஒரு வாரம் வேண்டாம். அந்தத் தூள் குழிக்குள் போனால் வெளியே வராது. மிக்சர், முறுக்கு, வேர்க்கடலைக்கும் இதே பதில். குழைந்த ரசம் சாதம், ஆறிய ராகிக் கூழ், தயிர், மசித்த உருளைக்கிழங்கு எல்லாம் மறுபக்கத்தில் மென்று சாப்பிடலாம்.

மஞ்சூர்: வலிக்கு நீலகிரித் தைலத்தைப் பஞ்சில் நனைத்துக் குழியில் வைக்கச் சொல்கிறார்கள். நம்ம ஊர் மருந்துதானே?

கூடவே கூடாது. மூக்கடைப்புக்கு மோந்து பார்க்கிற தைலம் அது. திறந்த புண்ணில் பட்டால் சதையை எரிக்கும், விழுங்கினால் விஷம், குழந்தைகளுக்குக் கொஞ்சம் உள்ளே போனாலே வலிப்பு வரை போகும். கிராம்புத் தைலத்தையும் நீங்களாக ஊற்ற வேண்டாம், வேண்டியிருந்தால் நாங்கள் அளவாக மருந்தில் கலந்து வைப்போம். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ஈறு வெந்து வெள்ளையாகிவிடும்.

கோத்தகிரி: அப்பாவுக்கு 61 வயது. மேல் கோரைப்பல் சொத்தையாகி வேர் மட்டும் நிற்கிறது. எடுக்கச் சொன்னார்கள். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று அத்தை பிடிவாதமாகத் தடுக்கிறார். உண்மையா?

இல்லை. ஆனால் 'இல்லை' என்று மட்டும் சொன்னால் அத்தை கேட்க மாட்டார், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் நரம்புகள் 12 ஜோடி. பார்வையைக் கொண்டுபோவது 2-வது நரம்பு. பல்லுக்கு வருவது 5-வது. அது மூன்றாகப் பிரியும், முதல் கிளை நெற்றிக்கும் கண்ணைச் சுற்றியும், இரண்டாவது மேல் தாடைக்கு, மூன்றாவது கீழ் தாடைக்கு. மூன்றுக்கும் அடிமரம் ஒன்று என்பதால்தான் மேல் பல் வலித்தால் கண்ணுக்குப் பின்னால் குத்துகிற மாதிரி இருக்கும். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த பயம்தான் இது என்று நினைக்கிறேன். ஆனால் இந்த நரம்பு உணர்ச்சியைச் சொல்லும், மெல்லும் தசைகளை அசைக்கும், அவ்வளவுதான். பார்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அதே பேச்சுக்கு ஒரு மறுப்பு, குந்தாவிலிருந்து: எங்கள் பாட்டிக்கு மேல் பற்களை எடுத்த ஒரே வருடத்தில் கண் மங்கிவிட்டது. நாங்கள் கண்ணால் பார்த்ததைப் பொய் என்கிறீர்களா?

பொய் என்று சொல்லவே இல்லை ஐயா. பாட்டிக்குக் கண் மங்கியதும் உண்மை, பல் எடுத்ததும் உண்மை. பல் ஆடி விழுகிற வயதும் கண்புரை வருகிற வயதும் ஒன்றாகத்தான் இருக்கிறது. பல் எடுக்காத மற்ற பாட்டிகளுக்கும் அதே வயதில் மங்கியிருக்கும், அதை யாரும் பல்லோடு சேர்த்துப் பேசியிருக்க மாட்டார்கள். பாட்டி இன்னும் இருந்தால் கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். புரை என்றால் அறுவை செய்து பார்வையைத் திரும்பப் பெறலாம். பல்லால் போனது, இனி வராது என்று விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அரவங்காடு: எனக்கு மேல் கடைவாய்ப் பல்லுக்கு ஊசி போட்டதும் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. அப்போ சம்பந்தம் இருக்கிறதுதானே?

நல்ல கேள்வி. அது நடக்கக்கூடியதுதான், அபூர்வமாக. மரப்பு மருந்து கண்ணை அசைக்கும் தசைகளின் பக்கம் எட்டிவிட்டால் கொஞ்ச நேரம் அப்படித் தெரியும், மரப்பு விடும்போதே பெரும்பாலும் சரியாகிவிடும். விடாமல் நீடித்தால் அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். இது ஊசி மருந்தால் வந்தது, பல்லை எடுத்ததால் அல்ல.

இதில் யாரும் கேட்காத இன்னொரு பக்கம் இருக்கிறது, அத்தைக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். மேல் பல்லால் கண்ணுக்கு ஆபத்து வரும் வழி ஒன்று உண்டு, அது சீழ் பிடித்த பல்லை எடுக்காமல் வைத்திருப்பது. மேல் கோரைப்பல்லின் வேர் நீளமானது, சீழ் மேலே ஏறினால் மூக்கோரத்திலும் கண்ணுக்குக் கீழும் வீங்கும். அங்குள்ள சிரைகள் கண்குழி வழியாக மூளையின் அடிப்பக்கம் போய்ச் சேர்கின்றன, கிருமி அந்தப் பாதையில் போனால் பார்வை மட்டுமல்ல, உயிரே போகலாம். கண்ணுக்குப் பயந்து பல்லை வைத்திருக்கிறார் அத்தை. கண்ணைக் காப்பாற்றத்தான் அந்தப் பல்லை எடுக்கச் சொல்கிறேன்.

குன்னூர்: குழிக்குள் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. சீழா? ஊக்கால் சுரண்டலாமா?

சுரண்டாதீர்கள். புண் ஆறும்போது வருகிற படலம் அது. வலி குறைந்துகொண்டே வந்தால் எல்லாம் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

எடப்பள்ளி: முதல் இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து காது வரை தெறிக்கிறது, வாயில் நாற்றம், மாத்திரைக்கும் அடங்கவில்லை. பீடி பழக்கம் உண்டு.

கட்டி பெயர்ந்து எலும்பு திறந்துகொண்டது. உலர் குழி என்போம், கீழ் கடைவாயிலும் ஞானப்பல்லிலும் அதிகம், புகைப்பவர்களுக்கு இன்னும் அதிகம். இதற்குக் கைவைத்தியம் கிடையாது. டாக்டரிடம் போனால் குழியைக் கழுவி மருந்து நனைத்த துணி வைப்பார், பெரும்பாலும் அன்றைக்கே வலி பாதியாகும். பீடி, ஹான்ஸ், கூல் லிப் மாதிரி புகையிலை எதுவும் இனி அந்த வாய்க்குள் போகக் கூடாது. நிரந்தரமாக விட்டால் ரொம்ப நல்லது.

லவ்டேல்: டாக்டர், சூடாக காபி குடிக்கலாமா?

கேத்திக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். காபிக்கும் அதுதான்.

கூடலூர்: எங்கள் வீட்டில் ஒருவர், இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்தவர். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். பல் எடுக்க ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட்டோம், சரிதானே?

தப்பு. இன்றே இதய டாக்டரிடம் பேசுங்கள். ஈகோஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். பல் குழியில் வரும் இரத்தத்தைத் தையல் போட்டும் அழுத்தியும் நிறுத்த எங்களால் முடியும், நெஞ்சு அடைப்பை அப்படி நிறுத்த முடியாது. எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பல் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகும்.

பந்தலூர்: கிராம சுகாதார வேலையில் இருக்கிறேன். அரிவாள் செல் சோகை (இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய்) உள்ள ஒரு பெண்ணுக்குப் பல் எடுக்கப் போகிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

இதைக் கேட்டதற்கு நன்றி. இந்தியாவில் இந்த நோயை முதலில் கண்டு எழுதியது 1952-ல், லேமனும் கட்புஷ்ஷும், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அப்படியிருந்தும் பல் நாற்காலியில் உட்காரும்போது இதை யாரும் சொல்வதில்லை. குளிர், தண்ணீர் குறைவது, கிருமி, பயம் நான்குமே அவர்களுக்கு வலி நெருக்கடியை, அதாவது திடீரென்று வரும் கடுமையான வலியை, கொண்டுவரும். முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். காலையிலிருந்தே நிறையத் தண்ணீர் குடிக்க வையுங்கள், கம்பளி போர்த்திக் கூட்டிப்போங்கள். மற்றவர்களுக்கு முதல் நாள் கன்னத்தின் மேல் ஐஸ் ஒத்தடம் கொடுக்கச் சொல்வேன், இவருக்கு வேண்டாம். இன்னொன்று, இந்த நோயில் பல்லில் கோளாறே இல்லாமல் தாடை எலும்பு வலிக்கலாம், எக்ஸ்ரே பார்க்காமல் பல்லை எடுக்க விடாதீர்கள்.

குன்னூர்: மேல் கடைவாய்ப் பல் எடுத்த மறுநாள் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கலாமா? சளியும் பிடித்திருக்கிறது.

இறங்கலாம், மலை இறக்கம் பிரச்சினை இல்லை. ஜன்னல் வழியாகத் துப்பாதீர்கள். மூக்கைச் சிந்தாதீர்கள். மேல் கடைவாய் வேருக்கும் மூக்கோரக் காற்றறைக்கும் நடுவே மெல்லிய எலும்புதான் இருக்கிறது, அழுத்திச் சிந்தினால் திறந்துவிடலாம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். இரண்டு வாரம் இப்படித்தான்.

மூன்று பேர் சேர்ந்து: உப்புத் தண்ணீர் எப்போது?

24 மணி நேரம் கழித்து. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, சாப்பிட்ட பிறகெல்லாம். கொப்பளிக்க வேண்டாம், தலையைச் சாய்த்துக் குழி மேல் நிற்க விட்டு வாயைத் திறந்து விழ விடுங்கள். துப்பாதீர்கள்.

கட்டபெட்டு: சூடாக டீ...

கேத்தி. மேலே இருக்கிறது.

உதகை: இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்க எவ்வளவு ஆகும்?

விலை இங்கே பேசுவதில்லை. பல் கட்டுபவரிடம் எக்ஸ்ரேயோடு போய்க் கேளுங்கள். குழியில் எலும்பு நிறையவே மூன்று நான்கு மாதம் ஆகும், அவசரமில்லை.

கோத்தகிரி, மறுபடியும்: நீங்கள் எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன், பேசாமல் இருந்தார். அப்புறம்தான் அப்பாவைப் பார்த்தோம். மத்தியானத்திலிருந்து மூக்கோரம் வீங்கி இப்போது கீழ் இமை வரை வந்திருக்கிறது. உடம்பு சுடுகிறது. நாளைக் காலை கூட்டி வரட்டுமா?

காலை வரை வைத்திருக்காதீர்கள். இப்போதே கிளம்புங்கள், என் கிளினிக்குக்கு வேண்டாம், நேராக உதகை அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு. வண்டி கிடைக்காவிட்டால் 108. சூடான ஒத்தடம் கொடுக்காதீர்கள், வீக்கத்தை அமுக்கிப் பார்க்காதீர்கள், வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் கண்ணை அசைக்க முடியவில்லை, இரண்டாகத் தெரிகிறது, தலை தாங்கமுடியாமல் வலிக்கிறது என்றால் உள்ளே நுழைந்ததும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அத்தையையும் கூட்டிப்போங்கள், அப்பாவுக்குத் தைரியமாக இருக்கும். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள், நான் விழித்திருப்பேன்.